மூடிய பிறகும் நிற்காத தாளம்

ஜெசிந்தா லேப்டாப்பை மூடி, அதன்மேல் துண்டைப் போட்டு, துண்டின்மேல் வேதாகமத்தையும் வைத்த பிறகும் அந்தத் தாளம் நிற்கவில்லை. அது மேஜையை விட்டு இறங்கி, அடுக்களை வழியாகப் பின்வாசலுக்குப் போய், துவைக்கிற கல்லை ஒரு சுற்றுச் சுற்றி, லூர்தம்மாள் காலனியின் நடுத்தெருவுக்கு வந்து நின்று, டொக், டொக் என்று வள்ளத்துப் பலகையை யாரோ விரல் முட்டியால் தட்டுவதுபோல நிதானமாகத் தட்டத் தொடங்கியது. தெருக்குழாயடியில் மீன் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், பிறகு அந்தத் தாளத்துக்கே செதில் சுரண்ட ஆரம்பித்தார்கள்.

ஜெசிந்தாவைக் காலனியில் எல்லோருக்கும் தெரியும், முந்துகிறவள் என்று. அவள் பிறந்ததே மருத்துவச்சி செருப்பைக் கழற்றுவதற்குள். கல்யாணப் பூசையில் சாமியார் கேள்வியை முடிக்கும் முன்பே "சம்மதம்" என்று சொல்லி மொத்தக் கோயிலையும் சிரிக்க வைத்தவள். பாடகர் குழுவில் அவள் நின்றால் பாட்டு ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் போகும், குழுவை நடத்துகிற சூசை மாஸ்டர் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டுச் சொல்வார்: "ஏட்டி ஜெசிந்தா, சாமியாரு செபத்த முடிக்கதுக்குள்ள நீ ஆமென் சொல்லிட்டு வீட்டுக்கே போயிருவ போலுக்கே." அவளும் சிரிப்பாள், அடுத்த வரியில் மறுபடி முந்துவாள். உள்ளுக்குள் ஏதோ ஒன்று அவளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே இருந்தது, அது என்னவென்று அவளுக்கே தெரியாது.

அவள் வேலை பார்த்த கப்பல் ஏஜென்சி ஆபீஸ் சென்னைக்குப் போய்விட்டது, பழைய லேப்டாப் ஒன்றை மட்டும் அவளிடம் விட்டுவிட்டு. வீட்டில் இருந்தபடியே செய்ய ஒரு தொழில் வேண்டும் என்று அவள் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த வெப் டெவலப்மென்ட் வகுப்பில் சேர்ந்தாள். அந்த வீடியோக்களில் பாடம் சொன்ன பெண் ஒவ்வொரு வரிக்கும் ஒரு சிரிப்புச் சிரிப்பாள். கடைச்சாமான் பட்டியல் எழுதுகிற ஆப் ஒன்றை எல்லோரும் செய்யுங்கள் என்றாள். ஜெசிந்தாவுக்கு அது பிடிக்கவில்லை. பாடகர் குழுவுக்குப் பாட்டுப் பழகுகிற ஆப் செய்வேன் என்று தீர்மானித்தாள்: பாட்டைத் தேர்ந்தெடுக்கலாம், வேகத்தைக் கூட்டலாம் குறைக்கலாம், பட்டனைத் தொட்டால் தாளம் தட்டும், யார் எவ்வளவு நேரம் பழகினார்கள் என்று அதுவே குறித்துக்கொள்ளும். தாளம் இல்லாதவள் தாளம் செய்யப் போகிறாள் என்று அவளே தன்னைக் கேலி செய்துகொண்டாள்.

வீட்டில் இருக்க வேண்டும் என்று அவள் நினைத்ததற்குக் காரணம் லூக்காஸ். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற மனிதன், அவள் கணவன், அந்த வருடம் வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிக்கு வந்து சேர்ந்திருந்தான். அவன் இதயம் திடீரென்று ஓடும், திடீரென்று நின்று யோசிக்கும், யோசித்துவிட்டு மறுபடி நடக்கும். நெஞ்சுக்குள் சின்னதாய் ஒரு மிஷின் வைத்துவிட்டால் அது தாளம் தப்பாமல் பார்த்துக்கொள்ளும் என்று திருநெல்வேலி டாக்டர் சொன்னார். லூக்காஸ் மாட்டேன் என்றான். "வாழ்க்க பூரா மிஷினோடதான் கெடந்திருக்கேன் ஜெசி. எந்த மிஷினும் நம்மட்ட சொல்லிட்டு நிக்காது" என்றான். அதற்கு மேல் அவனை அசைக்க முடியவில்லை. ஆகவே ஜெசிந்தா ஒரு வரி கோடிங் எழுதுவாள், தலையைத் தூக்கி வாசலைப் பார்ப்பாள், அவன் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த வரி எழுதுவாள். பயம்தான் அவளுடைய பாடத்திட்டம்.

தாளம் தெருவுக்குப் போன அன்றைக்கே அவள் ஒன்றைக் கவனித்துவிட்டாள். லூக்காஸ் நாற்காலியில் இல்லை. மொட்டைமாடிப் படியில் மேலே ஏறிக்கொண்டிருந்தான், தெருத்தாளத்துக்கு ஒரு படியாக. அவள் பின்னாலேயே ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தி, மார்பில் காதை வைத்துக் கேட்டாள். தெருவில் கேட்டது உள்ளேயும் கேட்டது, கொஞ்சமும் முந்தாமல், கொஞ்சமும் பிந்தாமல்.

"என்ன செஞ்ச நீ?" என்றான் லூக்காஸ்.

"தெரியலீங்க. பட்டன அமுக்கினேன். பெறவு மூடிட்டேன்."

"அப்படியே கெடக்கட்டும். தொடாத."

தாளத்தைக் காலனி எப்படி ஏற்றுக்கொண்டது என்று கேட்டால், சோறு கேட்காத, ஓட்டும் கேட்காத விருந்தாளியை எப்படி ஏற்றுக்கொள்ளுமோ அப்படித்தான். மின்சார வாரியத்திலிருந்து ஒருவர் வந்து டிரான்ஸ்பார்மரில் காதை வைத்துப் பார்த்து, இது எங்களுடையது இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பங்குச் சாமியார் தெருவுக்குத் தீர்த்தம் தெளித்தார். தாளம் நனைந்தும் தட்டியது, சாமியார் திருப்தியாகத் திரும்பினார். இட்லிக்கடை டெலிஸ்டா அந்தத் தாளத்துக்கே மாவு ஊற்றினாள், இட்லிகள் எல்லாம் ஒரே அளவாக வந்தன. பிள்ளைகள் வாய்ப்பாட்டைத் தாளத்தில் சொல்லி மறக்காமல் வைத்துக்கொண்டார்கள். குழாயடிச் சண்டைகள்தான் பாவம், கெட்டுக் குட்டிச்சுவராய்ப் போயின. ஒருத்தி வசவை எடுத்தால் அது தாளத்தில் விழுந்தது, எதிராளியின் வசவும் அடுத்த தாளத்தில் விழுந்தது, நாலு வசவுக்குள் அது பாட்டாகி, பாட்டானதும் இருவருக்கும் சிரிப்பு வந்து, யாருக்கு யார்மேல் கோபம் என்பதே மறந்துபோனது. துறைமுகத்தில் ராத்திரி ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் தாளத்தைத் தலைக்கு வைத்துக்கொண்டு பகலில் தூங்கினார்கள். நாய்கள் மட்டும் இரண்டு தட்டுக்கு நடுவில் பார்த்துக் குரைத்தன, அது நாய்களின் சுபாவம்.

ஜெசிந்தா அத்தோடு விட்டிருக்கலாம். விடுகிறவளாக இருந்தால் அவள் ஜெசிந்தா இல்லை. வகுப்பு நடந்துகொண்டிருந்தது, பட்டனின் நிறத்தை மாற்றச் சொன்னார்கள், மாற்றிச் சேமித்தாள், சேமித்ததும் பக்கம் தன்னைத்தானே புதிதாக வரைந்துகொண்டது, வரைந்துகொண்டதும் இன்னொரு தாளம் மேஜையை விட்டு இறங்கி, அடுக்களை வழியாகப் போய், துவைக்கிற கல்லைச் சுற்றி, தெருவில் முதல் தாளத்தின் பக்கத்தில் நின்றது. எழுத்தைப் பெரிதாக்கினாள், இன்னொன்று. வேகத்தைக் கூட்டுகிற கம்பியை நகர்த்திப் பார்த்தாள், அவசரக்காரத் தாளம் ஒன்று பின்வாசலில் இடித்துக்கொண்டு ஓடியது. ஒவ்வொன்றையும் நிறுத்துவதற்காகவே அவள் ஏதாவது மாற்றினாள், மாற்றின ஒவ்வொன்றும் புதிதாய் ஒன்றைப் பெற்றுப் போட்டது.

தெருவுக்குப் பொறுமை போனது. வடக்கு வரிசை வீடுகள் வேகத் தாளத்தையும் தெற்கு வரிசை வீடுகள் மெதுத் தாளத்தையும் பிடித்துக்கொண்டன. வடக்கில் சோறு குழைந்தது, தெற்கில் வேகவில்லை. தெற்கு வரிசையிலிருந்து வடக்கு வரிசைக்கு வாழ்க்கைப்பட்ட புதுப்பெண் ஒருத்தி, இவர்கள் பேச ஆரம்பித்தால் எனக்கு மூச்சு விட இடமில்லை என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர்வீடாகிய பிறந்த வீட்டுக்கே திரும்பிவிட்டாள். எந்தக் காலை எந்தத் தாளத்துக்கு வைப்பது என்று தெரியாமல் மனிதர்கள் தெருவில் தடுக்கினார்கள். உட்கார்ந்தவர்களின் முழங்கால் ஆடியது. ஒருவரும் ஒரு டீயை முழுதாகக் குடிக்கவில்லை, ஒரு பேச்சை முழுதாகப் பேசவில்லை, குழந்தைகள் பாலில் வாய்வைத்து வாய்வைத்து எடுத்து அழுதன. லூக்காஸ் மட்டும், திருவிழாக் கூட்டத்தில் அம்மா விரலைப் பிடித்துக்கொண்டு போகிற பிள்ளையைப்போல, அத்தனை தாளத்துக்கு நடுவிலும் முதல் தாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். ஆனால் இப்போது அவன் கண்ணை மூடி, காதைக் கூர்மையாக்கித்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அப்படி அவன் தேடுகிற நேரங்களில் ஜெசிந்தா எழுதுவதை விட்டுவிட்டு அவன் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் வகுப்பின் வீடியோக்களை மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். அப்போதுதான் தெரிந்தது, நடுவில் ஒன்றை அவள் பார்க்காமலே தாண்டிப் போயிருக்கிறாள். சலிப்பாக இருந்தது என்று தாண்டியது. சிரிப்புக்காரி அந்தப் பாடத்தில் மட்டும் சிரிக்கவில்லை. "எதைத் தொடங்கினாலும், தொடங்கும்போதே அதை நிறுத்தும் வழியையும் எழுதிவிடுங்கள். பக்கம் போனாலும் அது போகாது" என்றாள். ஒவ்வொரு தாளத்துக்கும் அது பிறந்த வரிசையில் பிரவுசர் ஒரு எண் கொடுக்கும், அந்த எண்ணை வாங்கி வைத்துக்கொண்டால்தான் பிறகு அதைக் கூப்பிட்டு நிறுத்த முடியும். ஜெசிந்தா ஒரு எண்ணையும் வாங்கி வைக்கவில்லை. பிள்ளைகளைப் பெற்றுப் பேர் வைக்காமல் தெருவில் விட்டவளாகத் தன்னை நினைத்து, அடுக்களையில் நின்று அழுதாள்.

மாதா திருவிழா நெருங்கியது. சப்பரம் தெருவுக்குள் வர வேண்டும், பேண்ட் செட் வாசிக்க வேண்டும், இத்தனை தாளத்தில் அவர்கள் எதற்கு வாசிப்பார்கள்? காலனி முழுவதும் திரண்டு ஜெசிந்தாவின் வாசலுக்கு வந்தது. முழங்கால்கள் ஆட, நின்ற இடத்தில் நிற்க முடியாமல், இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாறிக்கொண்டே நின்றார்கள். சூசை மாஸ்டர் முன்னால் நின்றார்.

"எம்மா ஜெசிந்தா, ஒன்னயக் குத்தம் சொல்ல வரல. ஆனா நிப்பாட்டிரு. எல்லாத்தயும் நிப்பாட்டிரு. பாட்டே மறந்து போச்சும்மா எனக்கு."

"நிப்பாட்டிருதேன் மாஸ்டர். மொதத் தாளத்த மட்டும் விட்டுருங்க." அவள் லூக்காஸின் நாற்காலியைக் கையால் காட்டினாள். "அவிய உசுரு அதுலதான் நிக்கி."

கூட்டம் லூக்காஸைப் பார்த்தது. டெலிஸ்டா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "இத என்னமோ ரகசியம்போல சொல்லுத? படியேற மாட்டாத மனுசன் மொட்டமாடியில நின்னு காத்தாடி விடுதாரு, எங்களுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? மொதத் தாளம் எங்களுக்கும் வேணும்ட்டி. மத்த சனியன்கள வெரட்டு" என்றாள். அதோடு வழக்கு தீர்ந்தது.

எண்கள் தெரியாவிட்டாலும் அவை வரிசையாகப் பிறந்தவை. மேலே ஒரு பெரிய எண்ணிலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி வந்து, எண் ஒன்றுக்கு மேலே இருப்பதை எல்லாம் நிறுத்தினால், முதல் தாளம் மட்டும் மிஞ்சும். ஜெசிந்தா கண்டுபிடித்தது அதுதான், அது சரியும்கூட. வாசலிலேயே லேப்டாப்பை மடியில் வைத்து, ஊர் பார்த்திருக்க, அந்த ஒரே வரியை எழுதினாள். விரல் மனசுக்கு முந்தியது. 'ஒன்றுக்கு மேல்' என்று மட்டும் எழுத வேண்டிய இடத்தில் அவள் கை ஒரு சமக்குறியையும் சேர்த்துத் தட்டி, எண் ஒன்றையும் உள்ளே இழுத்துவிட்டது. திரும்பப் படித்துப் பார் என்று உள்ளே ஒரு குரல் சொல்ல வாயெடுக்கும்போதே அவள் அமுக்கிவிட்டாள்.

தாளங்கள் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அடங்கின. அவசரக்காரத் தாளம் நின்றபோது வடக்கு வரிசை கைதட்டியது. ஒவ்வொன்று நிற்கும்போதும் தெருவில் கொஞ்சம் இடம் கூடியது, காற்று வந்தது, குழந்தைகள் அழுகையை நிறுத்தின. கடைசியில் முதல் தாளம் மட்டும் தனியாக, சுத்தமாக, எல்லோருக்கும் பிரியமான அந்த நிதானத்தோடு தட்டியது. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். பிறகு அதுவும் நின்றது.

லூக்காஸின் கையிலிருந்த டீ கிளாஸ் கீழே விழுந்தது. அவன் ஏதோ கேட்க வந்தவன்போல ஜெசிந்தாவைப் பார்த்தான், பார்த்தபடியே நாற்காலியில் சாய்ந்தான்.

டொக், என்றது வாசல் கேட். சூசை மாஸ்டர் கேட்டின் இரும்பைத் தன் மோதிர விரலால் தட்டினார். மறுபடி தட்டினார். மூன்றாவது தட்டுக்கு டெலிஸ்டாவின் கை வாசற்கதவில் விழுந்தது. பிறகு குழாயடிக் குடங்கள், சைக்கிள் மணிமூடிகள், சுவர்கள், தொடைகள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன புதுப்பெண்ணின் வளையல் கை; தெரு முழுவதும், கொஞ்சமும் முந்தாமல், கொஞ்சமும் பிந்தாமல். அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தார்கள், அவ்வளவுதான். பழகுவதற்காகச் செய்த ஆப் அல்லவா அது. லூக்காஸ் கண்ணைத் திறந்தான்.

ஜெசிந்தா பழைய தவறை மறுபடி எழுதினாள், நிறுத்தும் வழி இல்லாமல், எண்ணை வாங்காமல், ஒரு எழுத்தும் மாறாமல். தாளம் லேப்டாப்புக்குள் தட்டியது, மேஜையை விட்டு இறங்கவில்லை. மூடினால் நின்றது. தெரியாமல் செய்த தவறுக்குக் கிடைத்தது தெரிந்து செய்த தவறுக்குக் கிடைக்கவில்லை.

"மிஷின வச்சிருவோம்" என்றான் லூக்காஸ். "ஊரு எவ்வளவு நேரம் தட்டும்? கை வலிக்கும் அவியளுக்கு."

டெலிஸ்டாவின் தம்பி தன் குட்டியானை வண்டியைக் கொண்டுவந்தான். மீன் ஏற்றுகிற வண்டி. பின்னால் பாய் விரித்து லூக்காஸைப் படுக்க வைத்தார்கள், ஜெசிந்தா பக்கத்தில் ஏறினாள், வேறு ஆளுக்கு இடமில்லை. வண்டி புறப்பட்டது. தெருமுனைவரை தாளம் கூடவே வந்தது, அந்தோணியார் சிலை இருக்கிற கெபியில் திரும்பும்வரை மெலிதாகக் கேட்டது, உப்பளம் ஆரம்பித்த இடத்தில் கேட்கவில்லை. வெள்ளை வெளேரென்று உப்பு, வெயில், என்ஜின் சத்தம். லூக்காஸின் உதடு வெளுத்தது.

இனி அவள்தான். உலகத்தில் தாளமே இல்லாத ஒருத்தி. அவன் மார்பில் கையை வைத்துத் தட்ட ஆரம்பித்தாள், ஆரம்பித்ததுமே முந்தினாள். அவன் இதயமும் அவளோடு முந்தியது, மூச்சு இரைத்தது, நெற்றியில் வேர்வை பூத்தது.

"முந்தாத ஜெசி" என்றான்.

"முடியலீங்க. சீக்கிரம் போணும்ங்க. எனக்குப் பயமாருக்கு."

"பயந்தா பயந்துக்கோ. முந்தாத."

ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. ஜெசிந்தா டிரைவரைப் பார்த்துக் கத்தினாள், கேட் கீப்பரைப் பார்த்துக் கத்தினாள், மாதாவைக் கூப்பிட்டுக் கத்தினாள், கை மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் வந்தது. முடிவே இல்லாத கூட்ஸ், அதன் சக்கரங்களுக்கு ஒரு தாளம் இருந்தது, தடதட தடதட என்று, வா வா என்று அவளை இழுக்கிற அவசரத் தாளம். பிறந்ததிலிருந்து அவளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தது இதுதான் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. அவள் கை அதனோடு போகத் துடித்தது. அவள் குனிந்து அவன் முகத்தை மட்டும் பார்த்தாள். ஒரு தட்டுத் தட்டினாள். அடுத்ததைத் தட்டக் கை ஓடியது, விடாமல் பிடித்து நிறுத்தினாள், அந்த இடைவெளிக்குள் அவளுடைய அத்தனை பயமும் வந்து நின்றது, அது நிற்கட்டும் என்று நிற்க விட்டாள், பிறகு தட்டினாள். மறுபடி இடைவெளி. மறுபடி தட்டு. பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. கடைசிப் பெட்டி போய், சத்தம் அடங்கி, கேட் தூக்கியபோது, உப்பளத்து வெறும் வெளியில் அவள் கை மட்டும் தட்டிக்கொண்டிருந்தது, டொக், டொக் என்று, நிதானமாக. லூக்காஸ் தூங்கியிருந்தான். உதட்டில் நிறம் வந்திருந்தது. திருநெல்வேலிவரை அவள் அந்தக் கையை எடுக்கவில்லை.

மிஷின் வைத்தார்கள். அது நன்றாகவே வேலை செய்கிறது, நல்ல கம்பெனி மிஷின் என்று டாக்டர் சொன்னார். லூக்காஸ் வீட்டுக்கு வந்தான், படி ஏறினான், காத்தாடி விட்டான். புதுப்பெண் புருசன் வீட்டுக்குத் திரும்பினாள், குழாயடியில் சண்டைகள் பழைய காரத்தோடு நடந்தன. ஜெசிந்தா ஆப்பை முடித்து அனுப்பினாள். நிறுத்தும் பட்டன் ஒழுங்காக வேலை செய்கிறது என்று பாராட்டி எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு அவள் தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தாள்.

திருவிழாப் பூசையில் பாடகர் குழு எழுந்து நின்றது. சூசை மாஸ்டர் ஆர்மோனியத்தை எடுத்தார், ஜெசிந்தா வழக்கம்போல முந்தினாள். கடைசி பெஞ்சில் லூக்காஸ் நெஞ்சைப் பிடித்தான். மிஷின் உள்ளே இருக்கத்தான் செய்தது, ஆனாலும் நெஞ்சு அவள் பின்னாலேயே ஓடியது. அவன் அவளைப் பார்த்து, முந்தாதே என்பதுபோல, மெதுவாகத் தலையை ஆட்டினான்.

ஜெசிந்தா நின்றாள். ஒரு மூச்சு விட்டு, மாஸ்டரின் விரலுக்காகக் காத்திருந்து, அவரோடு சேர்ந்து பாடினாள், கடைசி ஆமென்வரை. சூசை மாஸ்டர் நம்பமுடியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை, பாட்டுப் புத்தகத்தையும் பார்க்கவில்லை, கடைசி பெஞ்சில் இருந்த அந்தக் கை நெஞ்சிலிருந்து இறங்கி மடிக்கு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.